மூச்சு கேட்கிற பெட்டி

“பாட்டு மெஷின் வாங்கப் பொம்பளப்புள்ளயவா தொணைக்குக் கூட்டிட்டு வந்தீங்க? இதுக்கு என்னா தெரியும்?” என்று என்னைக் காட்டிக் கேட்டார் ஹட்டன் கடை முதலாளி.

“இங்கிலீசு தெரியும். ஒங்களுக்குத் தெரியுமா?” என்றார் பெட்டி மாமா.

முதலாளி பேச்சை மெஷின் பக்கம் திருப்பினார்.

கடைக்குப் போய் மனுச மூச்சை விலைக்குக் கேட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் பெட்டி மாமாதான் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். எங்கள் தோட்டத்துப் பேக்டரியில் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிப்பவர். கல்யாணம் கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை, அவருடையது. ஒரு சுவருக்கு அப்பால் மழை. மறு சுவருக்கு அப்பால் இருந்த குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய் வெகுகாலம். பேச்சுத்துணைக்கு ஆணிதான். அதையும் தலையில் அடிப்பார்.

முதலாளி பளபளக்கும் ஒரு பெட்டியைத் தட்டி, “சத்தம் அடுத்த தோட்டம் வரைக்கும் கேக்கும்” என்றார்.

“அடுத்த தோட்டத்துக்காரன் காசு தருவானா? எனக்குச் சத்தம் வேணாங்க. பாடுறவரு ஆரம்பிக்கிறதுக்கு முந்தி மூச்சு இழுப்பாருல்ல, அது கேக்கணும்.”

கடையே திரும்பிப் பார்த்தது.

மாமா கையில் இருந்தது சீட்டுப் பணம். இசைத்தட்டைச் சுழற்றும் மெஷின், சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று மூன்றுக்கும் அதைப் பங்கு போட வேண்டும். “மூணுக்கும் சமமாப் போடு புள்ள. ஒண்ணு மட்டும் ஒசத்தின்னா வீட்டுல சண்ட வரும்” என்றார் மாமா. நான் கடையில் கிடந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துவிட்டு, தட்டில் ஓடும் ஊசி எடுக்காததை ஸ்பீக்கர் கொடுக்காது என்றேன்.

மாமா யோசித்தார். “சரிதான். கொழுந்துல இல்லாத வாசம் கோப்பையில எங்கேருந்து வரும்?”

பெரிய பங்கு ஊசிக்கும் மெஷினுக்கும் போனது. மிச்சத்தில் பெரும்பகுதி அம்ப்ளிஃபயருக்கு. ஸ்பீக்கர், ஏதோ கோயில் திருவிழாவில் கத்திக் களைத்த பழசு. அதற்குப் பெட்டி வாங்க ஒரு சதக் காசும் மிச்சமில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையில் மாமாவே அடித்துக்கொண்டார். பலகையில் தோட்டத்தின் பெயர் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கைக் கையில் பிடித்தபடி சுவர் சுவராகச் சுற்றினார். லயத்தில் கரண்டே கிடையாது. பேக்டரிக்குப் போகும் கம்பி எங்கள் கூரைக்கு மேலேதான் போகிறது. பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, அது எங்களுக்கும் உள்ளது என்றே இருந்துவிட்டோம்.

மாமா அண்ணாந்து பார்த்தார். “இவ்வளவு தூரம் வருதே, கொஞ்சம் எறங்கி வந்தா என்னா?”

பேக்டரி ஐயா மனமிரங்கி, ஞாயிற்றுக்கிழமையில் பெட்டி அடிக்கும் அறையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தோட்டமே திரண்டது.

“சத்தம் போடாதீங்க, மூச்சு வரப்போகுது.”

“மூச்சு எங்ககிட்டயே இருக்கு மாமா. பாட்டப் போடுங்க.”

அவர் சத்தத்தைக் கூட்ட மறுத்தார். கூட்டம் அலுத்துக் கலைந்தது. நானும் அவரும்தான் மிச்சம். ஊசியை மறுபடி தட்டின் ஓரத்தில் வைத்தார். முதலில் இரைச்சல். அதற்குள்ளே யாரோ மெல்ல மூச்சிழுத்தார்.

பாட்டு தொடங்குமுன் மாமா ஊசியைத் தூக்கிவிட்டார்.

“ஆளு இருக்காரு புள்ள” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, கரண்ட் இல்லாத அந்தக் காம்பராவுக்குப் போனார். ஞாயிறு தவறாமல் இதே கதைதான்.

இரண்டு நாட்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி, மாமாவுக்கு இந்தியாவுக்கே போய்விடக் கடுதாசி வந்தபோது மெஷினையும் அம்ப்ளிஃபயரையும் கொண்டுபோனார். ஸ்பீக்கர் பெட்டி கனம் என்று என்னிடம் தந்தார். “நீ டீச்சராயிருவ. கரண்டு உள்ள வீட்டுல இருப்ப.”

ஆகிவிட்டேன். ராகலையில் பள்ளிக்கூடம்; வாடகை அறை, சுவரில் பிளக் செருகும் இடம், மூலையில் மாமாவின் பெட்டி. சாயங்காலம் வந்து கதவைச் சாத்தினால், அவருடைய கடைசிக் காம்பரா எப்படி இருந்திருக்கும் என்று தெரிகிறது.

போன சனிக்கிழமை ஹட்டனுக்குத் தனியாகப் போனேன். அதே முதலாளி. “சத்தம் நல்லா வேணுமா டீச்சர்?” என்றார்.

மூச்சு கேட்க வேண்டும் என்று சொல்லி, நல்ல ஊசி உள்ள மெஷினுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தேன்.