ஒரு நகர்த்தலுக்கு இரண்டு நொடி

கைபேசியில் சதுரங்கம் ஆடுகிறவர்களில் பல ரகம் உண்டு. தோற்றதும் இணைய இணைப்பைத் திட்டுகிறவர் ஒரு ரகம். ஜெயித்ததும் வீட்டில் இருப்பவர்களை உட்கார வைத்து முழு ஆட்டத்தையும் முதலிலிருந்து விளக்குகிறவர் இன்னொரு ரகம். இவர்களால் நம் காதுக்கு மட்டும்தான் சேதம். மூன்றாவது ரகம்தான் விவகாரமானது. அவர்தான் போனஸ்காரர். பெயர் அவர் மகள் வைத்தது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இந்தப் போனஸ்காரர் ஆடுவது 'மூணு கூட்டல் ரெண்டு'. அதாவது ஆளுக்கு மூன்று நிமிடம். காயை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அவரவர் கடிகாரத்தில் இரண்டு நொடி போனஸாகக் கூடும். நேரம் தீர்ந்தால் கொடி விழுந்துவிட்டது என்பார்கள். ராஜா சௌக்கியமாக உட்கார்ந்திருந்தாலும் தோல்விதான். "மூணே நிமிஷம், இதோ வந்துட்டேன்" என்று சொல்லும்போது, எதிராளிக்கும் மூன்று நிமிடம் உண்டு என்பதை அவர் சொல்வதில்லை. ஆளுக்கு அறுபது நகர்த்தல் போனால் மேலும் இரண்டிரண்டு நிமிடம் சேரும் என்பதையும் சொல்வதில்லை. மூன்று நிமிட ஆட்டம் சாவகாசமாகப் பத்து நிமிடம் ஓடும்.

விளையாட்டோடு நின்றால் நமக்கென்ன? நிற்கவில்லையே. கொஞ்சம் அசைந்தால் நேரம் கிடைக்கும் என்ற விதி மனிதருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவரிடம் "கடைசி வரியைப் படிங்க" என்பார். பொடி எழுத்து. வந்தவர் கண்ணை இடுக்கித் தடுமாறி முடிப்பதற்குள் இவர் மேஜைக்குக் கீழே இரண்டு குதிரைகளையும் நகர்த்தியிருப்பார். முடித்துவிட்டாரா? "இப்ப அதையே பின்னாலேருந்து படிங்க." வீட்டில் மனைவி கிளம்பச் சொன்னால் ஒரு காலுறையை மாட்டிக்கொள்வார். அசைந்துவிட்டார் அல்லவா, நேரம் கூடிவிட்டது. மறுபடி கூப்பிட்டால் சட்டைக்குள் ஒரு கை. இன்னொரு முறை கூப்பிட்டால் ஒரு பொத்தான். ஆள் எப்போதும் கிளம்பிக்கொண்டேதான் இருப்பார்.

இதற்கு மனைவி ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஏழரை என்று சொல்வது. ஒரு மாதம் பலித்தது. பிறகு மனிதர் மோப்பம் பிடித்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை, அரை மணி நேர போனஸ் என்று சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

மகள் நீச்சல்காரி. அவளுடைய முதல் போட்டிக்கு அப்பா போய்ச் சேர்ந்தபோது பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதற்குப் போனபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பக்கத்து ஊரில், காலை ஒன்பது மணிக்கு. அவருக்கும் உறுத்தல்தான். முந்தின நாள் தானாகவே மகள் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை முதல் வரிசையில அப்பா இருப்பேன், பாரு."

"அப்பா, நீச்சல்ல கை வீசறதுக்கெல்லாம் ரெண்டு செகண்ட் சேத்துக் குடுக்க மாட்டாங்க. எனக்கு மொத்தமே முப்பத்திரண்டு செகண்ட்தான்."

"தெரியும்மா."

"நாளைக்கு ஏழரைக்குக் கிளம்பறோம்" என்றார் மனைவி.

ஏழரை என்றால் எட்டு என்று போனஸ்காரர் மனசுக்குள் திருத்திக்கொண்டார். கோட்டை விட்டது அங்கேதான். மனைவிக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது. அவர் சொன்னது நிஜமான ஏழரை.

மறுநாள் ஏழு இருபதுக்கு ஓர் ஆட்டம் தொடங்கினார். ஏழரைக்கு மனைவி கூப்பிட்டபோது எதிராளியிடம் ராஜா மட்டும் மிச்சம். இவரிடம் ராஜாவோடு ஒரு யானையும் இருந்தது. "இதோ, கிளம்பிட்டேன்" என்று ஒரு காலுறையை மாட்டினார். ஜெயிக்க யோசிக்க வேண்டும், யோசிக்க நேரம் வேண்டும், கடிகாரத்திலோ பதினொரு நொடி. ஆகவே யோசிக்காமல் யானையை அங்கே ஒரு கட்டம், இங்கே ஒரு கட்டம் என்று தட்டித் தட்டி நொடி சேர்க்க ஆரம்பித்தார். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். சட்டைக்குள் ஒரு கை போனது. மூன்றாம் முறை கூப்பிடவில்லை. வெளியே ஒரு கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்றைக்கு என்ன அவசரமோ என்று நினைத்துக்கொண்டார்.

கடிகாரத்தில் முழுசாக ஒரு நிமிடம் சேர்ந்தது. இனி நிதானமாக ஜெயிக்கலாம் என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தபோது திரையில் 'ஆட்டம் சமன்' என்று வந்தது. ஆளுக்கு ஐம்பது நகர்த்தல் எதையும் வெட்டாமல், சிப்பாய் எதுவும் நகராமல் போனால் ஆட்டம் சமன். நொடி சேர்க்கிற மும்முரத்தில் அந்த விதி அவருக்கு மறந்தே போயிருந்தது.

வாசலில் கார் இல்லை. மனைவியின் கைபேசிக்கு அடித்தார். எடுத்தவள் மகள்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"பாலத்தைத் தாண்டிட்டோம்ப்பா."

"என்னை விட்டுட்டா?"

"ரெண்டு தடவை கூப்பிட்டோம். உங்க கொடி விழுந்துடுச்சுப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒரு காலில் காலுறையும் மறு கால் வெறுமையுமாக அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொரு நொடியில் அவள் முதலாவதாக வந்ததைப் பத்தரை மணிக்கு, மனைவி அனுப்பிய வீடியோவில் பார்த்தார். முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

நீங்கள் அப்படியில்லை. சதுரங்கமே ஆடத் தெரியாது என்பீர்கள். சந்தோஷம். ஆனால் இதைப் படிக்கத் தொடங்கும்போது உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்களே, "இதோ முடிச்சிட்டேன்" என்று ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றினீர்களே, நினைவிருக்கிறதா? அதற்கப்புறம் அவர்கள் கூப்பிடவேயில்லை. எதற்கும் வாசலை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.