அடுத்த வட்டைக்கு வெடி கொடுத்த கதை

மண்டூர்,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகன், என் தங்கை மகன் மதுரன் அறிவது,

மண்டூர்க் கந்தனின் கிருபையால் நானும் உங்கள் மாமி அன்னப்பூரணியும் மகள் அஜந்தாவும் தேகசுகத்துடன் இருக்கிறோம். கடல் கடந்த அந்தக் குளிர் நாட்டுப் பாராளுமன்றத்தில், பிறநாடுகளுக்கு ஆயுதம் விற்பதை மேற்பார்வை செய்யும் குழுவின் எழுதுவினைஞராகிய நீங்களும் தடிமன் இருமல் இன்றி இருக்க வேண்டுகிறேன். வேளாண்மை சுகமா என்று மட்டும் கேட்க வேண்டாம். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். அஜந்தா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்புவாள். முழுக்க வாசிக்காமல் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு இருந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோது உங்கள் குழுவின் வேலையை எனக்கு விளக்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அரசாங்கம் நினைத்த மாத்திரத்தில் துவக்கு விற்க முடியாது, முதலில் சபைக்கு அறிவிக்க வேண்டும், வாங்குகிறவன் இன்ன வேலைக்குத்தான் பாவிப்பேன் என்று பத்திரம் தர வேண்டும், முப்பது நாளுக்குள் ஒருவரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும் என்றீர்கள். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராகக் கோப்பு கட்டிய எனக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. அப்படி மறுத்து நிறுத்திய விற்பனை எத்தனை என்று கேட்டேன். நீங்கள் இன்னொரு வடை எடுத்தீர்கள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நீங்கள் விமானம் ஏறிய கிழமையே சோதனை வந்தது. எங்கள் வட்டையின், அதாவது எங்கள் பக்கத்து வயல்வெளியின், விவசாய அமைப்புக்கு நான்தான் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். யானை கலைக்கப் போடுவதற்கு அரசாங்கம் தருகிற பெரிய வெடி, இந்த வருடம் எப்படியோ எங்களுக்கு இரண்டு தரம் வந்துவிட்டது. மேற்கே காட்டோரமாக இருக்கும் அடுத்த வட்டைக்காரர் படிவம் கொடுக்கும் திகதியை மறந்துபோனதால் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அவர்களுடைய தலைவர் நல்லரத்தினம் வந்து பாதியைத் தரச் சொல்லிக் கேட்டார். இல்லை என்று சொல்லவும் ஏலாது. நெல் வெட்டுகிற மெசின் அவர்களுடைய வரம்பால்தான் எங்கள் வயலுக்கு இறங்க வேண்டும். நட்பு நாடு என்று நீங்கள் சொல்வீர்களே, அதுதான் இது.

சும்மா தூக்கிக் கொடுத்துவிடலாம் என்றார் எங்கள் தலைவர் இளையதம்பிப் போடியார். நான் விடவில்லை. ஆயுதம் எல்லை தாண்டிப் போகிறது, மேற்பார்வைக் குழு வேண்டும் என்று நின்றேன். ஐந்து பேர் கொண்ட குழு அமைந்தது. முப்பது நாள் வைத்தால் நெல் விளைந்து உதிர்ந்துவிடும் என்பதால் மூன்று நாள் என்று வைத்தோம். அறிவித்தலைச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் யாரோ அதற்கு மேல் மரண அறிவித்தல் ஒட்டிப்போட்டார்கள். மூன்று நாளும் சனம் வந்து வாசித்து அனுதாபம் தெரிவித்ததே தவிர, வெடி கொடுப்பதற்கு ஒருவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

பத்திரத்தை நானே எழுதினேன்: “இவ்வெடிகள் யாவும் எமது வட்டைக்குள் பிரவேசிக்கும் யானைகளை எமது எல்லைக்கு அப்பால் அகற்றுவதற்கு மட்டுமே பாவிக்கப்படும். திருமணம், சாமத்தியச் சடங்கு, தேர்தல் வெற்றி, வாவியில் மீன்பிடி ஆகியவற்றுக்குப் பாவிக்கப்படமாட்டா.” நல்லரத்தினம் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். அதுவும் போதாதென்று நாற்பது கேள்வி கேட்டோம். வெடியை எங்கே வைப்பீர்கள், கொளுத்துகிறவர் யார், அவருக்கு வயது என்ன, குடிப்பாரா, குடித்தால் எத்தனை மணிக்கு? போடியார் நேரில் போய்ப் பரிசோதித்தார். காலையில் போன மனுசன் பின்னேரம் ஏப்பம் விட்டுக்கொண்டு ஒரு முட்டி எருமைத் தயிரோடு வந்து, “எல்லாம் திருப்தி” என்று அறிக்கை தந்தார். நான் இலக்கமிட்டுக் கோப்பில் போட்டு, பாதி வெடியை ஒப்படைத்தேன். எங்கள் பங்கு வெடிப் பெட்டிக்கு மூன்று ஆமைப்பூட்டு, மூன்று திறப்பு, மூன்று பேர் கையில். உங்கள் நாட்டில்கூட இந்தக் கவனம் இருக்காது.

முந்தாநாள் ஞாயிறு பின்னேரம், பொழுது படுகிற நேரம். நான் வயல் காவல் வாடியில் தேத்தண்ணி குடிச்சிக்கொண்டு இருந்தன். மேற்குப் பக்கம் ‘டும்’ எண்டு ஒரு வெடி. எனக்கு என்ன சந்தோசம்! கொப்பியை எடுத்து, “பாவனை ஒழுங்காக நடைபெறுகிறது” என்று எழுதினன். ரெண்டாவது வெடி, மூண்டாவது வெடி. ஒவ்வொண்டுக்கும் ஒரு கோடு போட்டன். நாலாவது கோடு போட முந்தி வரம்பு தாண்டி ஏழு யானை, ஒரு குட்டி, எங்கட வட்டைக்குள்ள! பெட்டியைத் திறக்க ஓடினன். ஒரு திறப்பு என்னிட்ட. மற்றது போடியாரோட செங்கலடிக்கு மகள் வீட்டுக்குப் போயிருக்கு. மூண்டாவது திறப்புக்காரர் செத்தவீட்டில. உங்கட மாமி பானை மூடியையும் அகப்பையையும் தூக்கிக்கொண்டு வந்து அடிச்சா. யானையள் ஒருக்காக் கிறுகிப் பாத்துப்போட்டு மறுகா தின்னத் தொடங்கிட்டுதுகள்.

நாலு மாசத்து வேளாண்மை, மருமகன். கதிர் தலை சாய்ஞ்சு பொன் மாதிரி நிண்டது. வெள்ளிக்கிழமை வெட்டுறதுக்கு ஓட்டமாவடி றிஸ்லான் தம்பியிட மெசினுக்குச் சொல்லி வெச்சிருந்தன். மூண்டு ஏக்கரில ரெண்டேகால் ஏக்கர் போச்சு. மிஞ்சினது முக்கால் ஏக்கர்தான். வருசச் சாப்பாட்டு நெல்லும் அதுக்குள்ள, அடுத்த போகத்து விதை நெல்லும் அதுக்குள்ள. நான் வரம்பில குந்தி இருந்து அழுதன். எழுத எனக்கு வெக்கமில்ல. அந்த முக்கால் ஏக்கரையாவது உடன வெட்டித் தாங்க எண்டு றிஸ்லானுக்குப் போன் பண்ணினா, “ஐயா, வெள்ளிக்கு முந்தி ஏலா” எண்டுட்டார்.

நேற்று விடிஞ்ச உடன கோப்பையும் தூக்கிக்கொண்டு நல்லரத்தினத்திட்டப் போனன். மனுசன் ஆறுதலாப் பல் விளக்கிக்கொண்டு நிண்டபடியே சொன்னார்:

“அண்ணன், பத்திரத்த வாசிங்க. எங்கட எல்லைக்கு அப்பால அகத்திறதெண்டு நீங்கதானே எழுதினீங்க? அகத்திட்டம். ஒரு வெடிகூடக் கலியாணத்துக்குப் போடல்ல.”

“அப்பால எண்டா எங்கட வட்டையடாப்பா!”

“அத ஒங்கட குழு கேக்கல்லயே.”

கேட்கவில்லைதான். கொளுத்துகிறவன் குடிக்கிற நேரம்வரை கேட்டோம், யானையை எந்தப் பக்கம் கலைப்பீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்தவன் நான். திரும்பி வந்து இதைச் சொன்னபோது மாமி அடுப்படியில் நின்றபடியே, “படிக்காத யானைக்குத் தெரிஞ்சிருக்கு பக்கம் எது எண்டு” என்றா.

ஆகையால் மருமகன், உங்கள் குழுவின் தலைவருக்கு என் வணக்கத்தைச் சொல்லி இதையும் சொல்லுங்கள். நீங்கள் விற்கிற துவக்கும் குண்டும் யாருடைய எல்லைக்கு அப்பால் எவனுடைய வயலில் போய் நிற்கும் என்று முதலில் கேளுங்கள். படிவத்தில் முதலாவது கேள்வியாக ‘எந்தப் பக்கம்?’ என்று போடுங்கள். மற்ற முப்பத்தொன்பதும் தேவையில்லை. நான் செயலாளர் பதவியை இராஜினாமாச் செய்து கடிதம் எழுதிவிட்டேன். இனி எந்த வட்டைக்கும் ஒரு வெடியும் எல்லை தாண்டக் கூடாது, அதற்கு என் கையெழுத்தும் விழாது என்று கந்தன் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியமும் செய்துவிட்டேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். பதவியும் உயர்ந்து, நல்ல இடத்தில் பெண்ணும் அமைந்து, நீங்கள் நீடூழி வாழ மாமனும் மாமியும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

இங்ஙனம்,
அன்பு மாமா,
க. வினாயகமூர்த்தி
(செயலாளராக இருந்தவர்)

பி.கு.: அஜந்தா படம் பிடிக்க வந்த நேரம் போடியாரும் வந்துவிட்டார். ஏழும் குட்டியும் எங்கள் வட்டை ஓரத்துப் பற்றைக்குள்தான் இன்னும் நிற்கின்றனவாம். மிஞ்சிய முக்கால் ஏக்கரும் போகுமுன் கலைத்தாக வேண்டும். ஒருவழியாக மூன்று திறப்பும் சேர்ந்து பெட்டியைத் திறந்தால், வெடி எல்லாம் ஈரம் பட்டு ஊறிக் கிடக்கிறது. கடைசியில் நல்லரத்தினம் தன்னிடம் மிஞ்சியதைத் தர ஒத்துக்கொண்டார். நான் எழுதிய அதே பத்திரத்தை நீட்டினார், செயலாளர் என்று போட்டு நானே கையெழுத்து வைத்தேன். அவர் பக்கம் கலைக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மேற்கே அவர், கிழக்கே வாவி, வடக்கே பள்ளிக்கூடம். மிச்சம் இருப்பது தெற்கு வட்டை. அவர்களும் இன்னும் வெட்டவில்லை, பாவம், நல்ல சனம், ஒன்றும் கேட்கவுமில்லை. ஆகவே மருமகன், மேலே சொன்ன அந்த ‘எந்தப் பக்கம்’ கேள்வியை உங்கள் தலைவரிடம் இப்போதைக்கு எடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மெசின் வந்து வெட்டி முடியட்டும், பிறகு கேட்கலாம்.