சொந்த வயலை எதிர்த்து நான் போட்ட கையெழுத்து

கனடாவின் பனியைக் குறை சொல்லாமல் வாழ்ந்துவரும் என் மூத்த சகோதரி வினிஃப்ரெட் அவர்களுக்கு, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரிலிருந்து தம்பி கிளெமென்ட் டட்ஜ் மிகுந்த மரியாதையுடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவி மொரீனும் ஆடுகளும் நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல்.

நிற்க. கிளெமென்ட் தன் வயலையே எதிர்த்து மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று யாரோ உனக்கு எழுதியிருக்கிறார்களாமே. உண்மைதான். ஆனால் நடந்ததை வரிசையாகக் கேட்டால் யாருக்கும் என்மேல் கோபம் வராது, மொரீனைத் தவிர.

நம் கீழ்வயலை உனக்குத் தெரியும், ஆடுகூட அங்கே மேய யோசிக்கும். என் மகள் பிரயனி, புருஷனோடும் கைக்குழந்தையோடும் கொட்டகைக்குப் பின்னால் கேரவன் வண்டியில் குடியிருப்பதும் தெரியும், இந்த ஊர் வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. போன வருஷம் ஜைல்ஸ் ஃபாரன்ட் என்று ஒரு புரமோட்டர் வந்தான். வயலை அளக்கப் போனவன் சேற்றில் ஒரு பூட்ஸைப் பறிகொடுத்து, ஒற்றைக் காலுறையோடு சமையலறையில் வந்து உட்கார்ந்தான். மொரீன் கேக் வைத்தாள்.

"நீங்க வீடு கட்டுவீங்களா?"ன்னு கேட்டா.

"இல்லைங்க."

"வயலை வாங்கப் போறீங்களா?"

"அதுவும் இல்லைங்க."

"அப்ப எதுக்கு என் கேக்கைத் தின்னுட்டிருக்கீங்க?"

"வீடு கட்ட கவுன்சில்ல அனுமதி வாங்கறதுதாங்க என் வேலை. வீட்டுப் படம் வரையறது, நிபுணருங்க, கட்டணம் எல்லாம் என் செலவு. அனுமதி கெடைச்சா வயலை நல்ல வெலைக்கு வித்து, செலவு போக மிச்சத்துல எனக்கு ஒரு பங்கு. கெடைக்கலைன்னா, இந்தக் கேக்குதான் எனக்கு மிச்சம்."

வக்கீலம்மாவிடம் போனோம். "இது ரெண்டு மாடு இழுக்கற வண்டி, டட்ஜ். வெல ஏறினா ரெண்டு பேருக்கும் லாபம். உங்களுக்கு என்ன வேணும்னு இப்பவே எழுதி வாங்கிக்கங்க"ன்னாங்க. கொஞ்சம் வீடாவது உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் குறைந்த வாடகையில் என்று நான் கேட்டேன், ஜைல்ஸும் ஒத்துக்கொண்டான். வயல்காரர் அனுமதி விண்ணப்பத்தை எதிர்க்கக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. எனக்கென்ன பைத்தியமா என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அதற்கப்புறம் நானும் அவனும் ஏர் பூட்டின மாதிரிதான். தண்ணீர் எங்கே தேங்கும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று நான் காட்ட, வீட்டுப் படம் வரைபவர் வீடுகளை மேட்டுக்கு ஏற்றினார். பிறகு ஒரு பெண் வலையோடு வந்து, வாத்துக்காக நான் வெட்டின குட்டையில் ஏதோ பாதுகாக்கப்பட்ட நீர்ப்பல்லி இருக்கு என்றாள். வாத்து ஒருநாளும் இறங்காத குட்டை அக்கா, பல்லிக்கு மாளிகையாயிடுச்சு. அதை எண்ணிப் பாக்க வசந்தம் வரணுமாம், அதனால கவுன்சில்ல விண்ணப்பம் போடறது அடுத்த வசந்தம் வரைக்கும் தள்ளிப்போச்சு.

அந்த வசந்தத்தில்தான் என் கிரகம். ஆடு ஒன்று குட்டி போட முடியாமல் திணற, நான் முழங்கை வரை ஒரு கையை உள்ளே விட்டிருக்கிறேன், கொட்டகை வாசலில் பின்னாக் வந்து நிற்கிறார். ஓய்வுபெற்ற பல் டாக்டர், பக்கத்து வீடு. "கிளெமென்ட், ஒரு கையெழுத்து. ஊரே போட்டாச்சு"ன்னார். சர்ச் கூரை ஒழுகுதே, அதுக்குத்தான்னு நெனைச்சு, இன்னொரு கையைத் துடைச்சுப் போட்டுக் குடுத்துட்டேன். குட்டி நல்லபடியாப் பொறந்தது.

சில நாளில் ஜைல்ஸ் வந்தான், முகத்தில் ஈயாடவில்லை. "உங்க வயலுக்கு எதிரான மனுவுல உங்க பேரு இருக்குங்க, டட்ஜ். ரத்தக் கறையோட."

மொரீன் என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தத் தாள் தாங்காது. கையெழுத்தை வாபஸ் வாங்கி கவுன்சிலுக்கு எழுதினோம். ஆனாலும் கமிட்டிக் கூட்டத்தில் பின்னாக் எழுந்து, "வயல்காரரே முதல்ல எதிர்த்தவர்தானே"ன்னார். ஜைல்ஸ் என் முதுகில் தட்டி, "நீங்களே போய் நடந்ததைச் சொல்லுங்க"ன்னான்.

எழுந்தேன். "நான் சர்ச் கூரைக்குன்னு நெனைச்சுப் போட்டேங்க. அப்ப என் ஒரு கை ஆட்டுக்குள்ள இருந்துச்சு. பின்னாக் ஐயா நல்ல மனுஷர், என் கடவாய்ப் பல்லைப் பிடுங்கினவர். அவர் வீடு நிக்கறது எங்கப்பா வித்த ஆப்பிள் தோட்டத்துல. அன்னிக்கும் ஊரே எதிர்த்துச்சு, எதிர்ப்புக்கு முன்னாடி நின்னது எங்கம்மாவேதான். அந்த வீடு வரலைன்னா இந்த ஊர் பல்வலியோடயே இருந்திருக்கும். இப்ப என் மக கேரவன்ல உக்காந்து மழை ஒழுகற எடத்துல பாத்திரம் வைக்கறா. பள்ளிக்கூடத்துல பிள்ளை இல்லாம மூடப் பாக்கறாங்க. வயல் அழகுதாங்க. ஆனா பாக்க ஆள் வேணாமா?"

எல்லாரும் சிரித்தார்கள், ஆட்டைச் சொன்னபோது. கடைசியில் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. பிரயனி என் கோட்டில் முகத்தை வைத்து அழுதாள், குழந்தை என் டையைச் சப்பியது. பின்னாக் கைகுலுக்கி, "அநியாயத்துக்கு நல்லாப் பேசிட்டீங்க"ன்னார். ஒன்று தெரிந்துகொண்டேன் அக்கா: தனக்கு வீடு கிடைத்த பிறகு அடுத்தவனுக்குக் கதவைச் சாத்துவது மனுஷ சுபாவம், அதை நாம்தான் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தானுக்கு என் அன்பான விசாரிப்பு. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமலும் கூரை ஒழுகாமலும் இருக்கக் கர்த்தர் அருள் செய்வாராக.

இப்படிக்கு,
உன் பெருந்தன்மையுள்ள தம்பி,
கிளெமென்ட்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஜைல்ஸ் வந்து ஒரு சேதி சொன்னான். பின்னாக் தன் தோட்டத்தில் மகனுக்கு மாடி வீடு கட்ட அனுமதி கேட்டு இவனிடமே யோசனைக்கு வந்தாராம். அது எழும்பினால் நம் சமையலறை ஜன்னலிலிருந்து குன்று துளிகூடத் தெரியாது. இந்த ஊரின் அழகு என்ன ஆவது? ஆட்சேப மனு எழுதியாகிவிட்டது, மொரீன் வீடு வீடாக எடுத்துப் போயிருக்கிறாள். வெளிநாட்டிலிருந்தும் ஆட்சேபிக்கலாமாம். நீ ஒன்று, அத்தான் ஒன்று, தனித்தனியாக உடனே அனுப்பவும்.