பச்சைத் திரை சொன்னால் சரி

‘எங்க காலத்து மெஷின் மாதிரி வருமா’ என்று கேட்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. அலுவலகத்துக்கு ஒருவராவது இருப்பார். மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கூடமொன்றின் தலைமை மெக்கானிக் இந்த இனத்தில் அசல். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் பச்சைத்திரை.

காரணம், அவர் மேசையிலிருந்த ஆஸிலோஸ்கோப். மின்சாரத்தின் துடிப்பை அலையாக வரைந்து காட்டும் கருவி. டிஜிட்டலில் முதல் தலைமுறை: தூக்க இரண்டு பேர் வேண்டும், சூடேற இருபது நிமிடம் வேண்டும், விசிறி இரைச்சலை மீறிக் கத்தத் தொண்டை வேண்டும், படத்தைச் சேமிக்க எந்தக் கடையிலும் கிடைக்காத ஃப்ளாப்பி வேண்டும். இத்தனைக்கும் பிறகு உள்ளங்கை அகலத் திரையில் ஒரு பச்சைக் கோடு தெரியும். பிள்ளை பிறந்தபோதுகூட அவர் முகத்தில் இந்தப் பூரிப்பு இல்லை என்று மனைவியே சொல்லியிருக்கிறார்.

பக்கத்து மேசையில் நோட்டுப் புத்தகப் பருமனில் புது ஸ்கோப். அதை அவர் டி.வி. என்பார்.

ஒருநாள், ஒரு மருத்துவமனையின் சுவாசக் கருவி மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது. ஓடும்போதே நின்றுவிடுகிறதாம். முந்தைய இருமுறையும் ‘கோளாறில்லை’ என்று கையெழுத்திட்டவர் அவர்தான். கருவிக்கு மின்சாரம் வரும் இடத்தில் தன் ஸ்கோப்பை மாட்டி மறுபடி பார்த்தார். பச்சைக் கோடு அசையாமல், சீராக நின்றது.

“நல்லாத்தானே இருக்கு. நர்சுங்களுக்கு ஓட்டத் தெரியல.”

பக்கத்து மேசைப் பெண் பொறியாளர் அதே இடத்தில் புது ஸ்கோப்பை மாட்டினார். கோடு முழுக்க ஊசி ஊசியாகத் துடிப்புகள்.

“சார், உங்க ஸ்கோப் விட்டு விட்டுத்தான் புள்ளி வைக்குது. இந்தத் துடிப்பு ரெண்டு புள்ளிக்கு நடுவுல வந்துட்டுப் போயிடுது.”

“உன் டி.வி. இல்லாததையெல்லாம் காட்டுதும்மா.”

“இல்லாததுக்கா சார் மெஷின் நின்னுச்சு? நேத்து அங்க ஒரு நர்சு கையால பையை அமுக்கி அமுக்கித்தான் ஒருத்தருக்கு மூச்சு குடுத்திருக்காங்க.”

அவருக்குத் தன் இரண்டு கையெழுத்துகளும் கண்முன் வந்து நின்றன. பொறியாளர், மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றினார். கருவி நாள் முழுக்க நிற்காமல் ஓடியது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் மருத்துவமனைக்காரர் வந்து என்ன கோளாறு என்று கேட்டதும், “எனக்கு மொதல்லேர்ந்தே சந்தேகம்தான்” என்றார். ஒரு மாதத்தில் டி.வி. அவர் மேசைக்கு வந்துவிட்டது. அதைவிடப் புதிதாக ஒன்று வாங்கலாமா என்று அந்தப் பெண் கேட்டபோது, “இது மாதிரி வருமா?” என்றார்.

சிரித்தது போதும். கடைசியாக எதைப் பார்த்து ‘அப்படியொன்றும் இல்லை’ என்று அடித்துச் சொன்னீர்கள்? எதை வைத்துப் பார்த்தீர்கள்?