ஆழ்கடல் மீனுக்கு ஏற்ற அறை

வீட்டில் அமைதியை நிலைநாட்டியே தீருவது என்று முடிவு செய்தேன். ஊரார் பல்லைப் பிடுங்குகிற டாக்டர் நான். வீட்டில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாலையானால் ஹாலில் என் மனைவியின் பாட்டு வகுப்பு. நிறுத்து என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஒரு மீனை விட்டுச் சொல்ல வைக்கலாம் என்று தோன்றியது.

உப்புநீர் மீன்தொட்டி அவளுடைய நெடுநாள் ஆசை. "வாங்கிடலாமே!" என்று கடைக்கு அழைத்துப் போனேன்.

மஞ்சளும் நீலமுமாகத் துள்ளிய மீன்களைக் காட்டினாள்.

"இதெல்லாம் கரையோரத்துக் கும்பல். ஆழ்கடல் மீன்தான் கௌரவம்," என்றேன்.

கடைக்காரர் இருட்டு மூலைக்கு அழைத்துப் போனார். பாறை இடுக்கிலிருந்து சிவப்புக் கோடு போட்ட சின்ன மீன் ஒன்று, பெரிய கண்ணால் எங்களைப் பார்த்தது.

"இதுக்கு வெளிச்சம் ஆகாது சார். தண்ணி ஜில்லுனு இருக்கணும்."

"சத்தம்?" என்று கண்ணைச் சிமிட்டினேன்.

நல்ல மனிதர். புரிந்துகொண்டார். "ஐயோ, ஆகவே ஆகாது! பயந்துடும்."

மனைவி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"பாவங்க. எங்கேயோ அடியில நிம்மதியா இருந்திருக்கும்."

எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாங்கிவிட்டேன்.

தொட்டி வந்து இறங்கியது.

"ஹால்ல வச்சிடலாம். அப்புறம் உன் வகுப்பைத்தான்..." என்று இழுத்தேன்.

"ஹால்லயா? ஜன்னல் வெளிச்சம் கொட்டுதே! இருட்டா, ஏசியோட, சத்தமில்லாம நம்ம வீட்டுல ஒரே இடம்தான் இருக்கு."

"எது?"

"நீங்க படிக்கிற ரூம்."

"அப்போ நான்?"

"சத்தம் ஆகுமான்னு நீங்கதானே அக்கறையா கேட்டீங்க?"

ஆழம் தெரியாமல் காலை விட்டவன் நான்; தொட்டியைத் தூக்கக் கையும் கொடுத்தேன்.

விளக்குப் போடக் கூடாது. புத்தகத்தைப் புரட்டக் கூடாது. மீனுக்கு எதிரே சும்மா உட்கார்ந்தேன். அது மெல்ல வெளியே வரும், என்னைப் பார்க்கும், ஒன்றும் கேட்காது. நான் ஆசைப்பட்ட அமைதி இதுதான். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டு வகுப்புப் பெண் ஒருத்தி ஒரே வரியில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்துகொண்டிருந்தாள். இன்றைக்காவது தாண்டிவிடுவாளா? அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக்கொள்ளவில்லை.

பூனை போல ஹாலுக்கு வந்து ஓர் ஓரமாக நின்றேன்.

மனைவி பாட்டை நிறுத்தினாள்.

"கடைசி வரிசையில உக்காருங்க. புதுசா சேர்றவங்க இடம் அதுதான்."