தானாகப் பாடிய பாட்டு

மாப்பிள்ளையின் அம்மா பாதிப் பாட்டில் எழுந்து போய்விட்டார் என்று மீஞ்சூர் பிரௌசிங் சென்டரை நடத்தும் புஷ்பவல்லி எர்ணாவூரில் இருந்த அன்பரசனுக்குப் போன் பண்ணினாள்.

"இன்னா பாட்டும்மா ஓடிச்சு?"

"சாவு கானா சார்."

அன்பரசன் தலையில் அடித்துக்கொண்டான். அக்கா மகள் மதியைப் பெண் கேட்டவர்களுக்கு கல்யாணத்திலும் சாவிலும் கானா பாடும் அவள் அப்பா அப்பாவுவின் குரலைக் காட்டத்தான், மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்த தெம்பில் அந்த வெப் பேஜைச் செய்தான். திறந்ததும் நாலு பாட்டும் தானாக இறங்கிப் பாட வேண்டும் என்று வேறு வைத்துத் தொலைத்தான். கல்யாணப் பாட்டுகள் பெரிய ஃபைல். போன் லைனில் நொண்டிக்கொண்டிருந்தன. சாவு கானா சின்னது. முதலில் வந்து பாடிவிட்டது.

பெரிய கல்யாணப் பாட்டு முழுசாக இறங்கும்வரை வேறு எதுவும் இறங்கக் கூடாது என்று மாற்றினான். அந்தம்மா மறுபடி வந்தார். இருபது நிமிஷம் ஊமைத் திரையைப் பார்த்துவிட்டுப் போனார்.

உடனே சாவு கானாவையே தூக்கினான். மீதி மூன்றும் பட்டனை அழுத்தினால் மட்டும் இறங்கும்படி வைத்தான்.

"அத ஏன் மச்சான் எடுத்த? அதத்தான் நல்லா பாடிகீறேன்" என்றார் அப்பாவு.

நல்ல காரியத்தில் அந்தப் பேச்சே வேண்டாம் மாமா என்று அவர் வாயை அடைத்தான். அது அன்பரசனுக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

மூன்றாம் தடவை அந்தம்மா எல்லாப் பட்டனையும் அழுத்தச் சொல்லிக் கேட்டாராம். அன்பரசன் ஆபீசில் ஸ்வீட் கொடுத்தான்.

மறுநாள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையனை மதிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மாமன் அன்பரசனை ஒரு வார்த்தை திட்டாமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூருக்கே போனான். முதல் நாள் அந்தம்மா ஏன் எழுந்து போனார் என்று அவன் யாரையும் கேட்டதில்லை. இப்போதுதான் கேட்டான்.

புஷ்பவல்லி சொன்னாள்:

"அழுகைய அடக்க முடியாம போனாங்கோ சார், அவங்க வூட்டுக்காரர் சாவுல அந்தப் பாட்டப் பாடினவர் பொண்ணுதான் வோணும்னு கேட்டவங்கோ, அந்தப் பாட்டுக்கே வெக்கப்பட்டு அத எடுத்துட்ட வூடு வோணாம்னுட்டாங்கோ."