நான் கொன்ற சாரதா

வாசகர் வட்டத்தில் சேர்ந்தால் அறிவு வளரும், நல்ல சகவாசம் கிடைக்கும் என்பார்கள். எனக்குக் கிடைத்தது மனைவி. (அறிவு வளர்ந்ததா என்று அவளிடம் மட்டும் கேட்காதீர்கள்.)

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கள்ளக்குறிச்சியில் ஓர் அச்சகத்தின் மாடியில் ஞாயிறுதோறும் எங்கள் வட்டம் கூடும். பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாரப் பத்திரிகை. அதில் வரும் தொடர்கதையை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டு அழுவோம். சின்னசேலத்தில் ரயிலில் வந்திறங்கும் பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை வாங்கி வருவது என் பொறுப்பு. வட்டத்தின் தலைவர் கோவிந்தசாமி, தியாகதுருகத்துக் கரும்பு விவசாயி. குடும்பத்தோடு வருவார். அவர் மகள் மல்லிகாவுக்கும் எனக்கும் வரும் வெள்ளிக்கிழமை பூ வைத்து நிச்சயம் செய்வதாக முடிவாகியிருந்தது.

அந்த வாரம் ரயில் இல்லை, பஸ் இல்லை. வழி நெடுகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பத்திரிகைக் கட்டும் வரவில்லை. இந்த நிலைமையிலும் போய் நின்றால் மாமனார் மெச்சுவார் என்று, ஒவ்வொரு மரத்துக்கும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெறுங்கையோடு போனேன். மாடி ஏறினால், அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இன்னா தம்பி, சாரதாவுக்கு ஜொரம் வுட்டுச்சா?" என்றார் கோவிந்தசாமி. சாரதா அந்தத் தொடர்கதையின் நாயகி. போன வாரம் காய்ச்சலில் படுத்தவள்.

பத்திரிகை வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படிச்சிட்டேங்க. அவசரத்துல வூட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்" என்று ஆரம்பித்த வாய் அப்புறம் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன வண்டியை வழியில் மரம் மறித்தது, சாரதா அங்கேயே செத்துப்போனாள் என்று முடித்தேன்.



"கதையிலயும் மரத்த வெட்டிட்டாங்களா?" என்றாள் மல்லிகா.

"சும்மா இரும்மா" என்று கோவிந்தசாமி துண்டால் கண்ணைத் துடைத்தார். அவர் மனைவி, போனதும் தலைமுழுகணும் என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே முழுகினார்.

அடுத்து விழுந்ததுதான் இடி. "வெள்ளிக்கிழம பூ வைக்கிறது வாணாம் தம்பி. இப்பிடி ஒரு சாவக் கேட்டுகினு நல்ல காரியம் எப்பிடிப் பண்றது? மனசு ஆறட்டும்."

என் நிச்சயதார்த்தத்தை நானே கொன்றிருந்தேன்.

வழி திறந்ததும், சாரதாவின் கடைசி நேரத்தைத் தாமே படித்து அழ வேண்டும் என்று கோவிந்தசாமி சின்னசேலத்துக்கே போய்ப் பத்திரிகையை வாங்கிவிட்டார். மறு ஞாயிறு உரக்கப் படித்தார். சாரதா கஞ்சி குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உசுரோட இருக்கிற பொண்ணையே கொன்னவன், எம் பொண்ண இன்னா பண்ணுவான்?" என்றார் கோவிந்தசாமி. நியாயமான கேள்வி.

பதில் மல்லிகாவிடம் இருந்தது. "மரம் வுழுந்தப்பவே நான் கண்டுபுடிச்சிட்டேம்பா. இவ்ளோ மோசமா பொய் சொல்றவரு வேற எங்க கெடைப்பாரு? கட்டிகினா எனக்குத்தான் நிம்மதி."

பூ வைத்தார்கள். இன்றைக்கும் நான் வீட்டுக்குத் தாமதமாக வந்தால், "எந்த ஊர்ல மரம் வுழுந்துச்சி?" என்று கேட்டபடிதான் கதவைத் திறக்கிறாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பல வருடம் கழித்து மாமனாரின் அண்ணன் நிஜமாகவே இறந்துபோனார். சொல்ல ஓடியவன் நான். மாமனார் எங்கள் வீட்டில், மல்லிகா பரிமாறச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே சொன்னேன். என்னை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார்.

"மோர் ஊத்தும்மா மல்லிகா" என்றார். "வேற யார்னா வந்து சொல்லட்டும்."